கணினி மேசைக்கு எந்த ஆம்பிளிஃபயர்: பழைய பெட்டியா, உள்ளங்கைப் பெட்டியா?

சேலம் அம்மாபேட்டையில் எங்கள் மாடி அறை ஏப்ரலில் அடுப்பு மாதிரி இருக்கும். கணினியில் ஹைஃபை ஸ்பீக்கர்களை இணைக்க அங்கே இரண்டு ஆம்பிளிஃபயர்களை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன்: அப்பா காலத்துக் கிளாஸ் ஏபி (வழக்கமான பழைய வகை சர்க்யூட்) பெட்டி ஒன்று, டிபிஏ 3116 என்ற ஆம்பிளிஃபயர் சிப் போட்ட சின்னக் கிளாஸ் டி (மின்சாரத்தை அதிவேகமாக ஆன்-ஆஃப் செய்து, சூட்டைக் குறைக்கும் வகை) ஒன்று.

பழையது கம்பீரம்தான். பேஸ், ட்ரெபிள் திருகுகள், ரெக்கார்ட் பிளேயருக்குத் தனி இன்புட் எல்லாம் உண்டு. ஆனால் வாங்கும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் சூடாகவே போகிறது. மானிட்டர் பக்கத்தில் வைத்தால் மின்விசிறியும் தோற்றுவிடும். கிளாஸ் டி வெதுவெதுப்போடு நின்றுவிடுகிறது.

சரி, சத்தம்? என் ஸ்பீக்கர் 1 வாட்டுக்கு 1 மீட்டரில் 86 டெசிபல் தரும். 10 வாட் கொடுத்தால் 96. மேசை முன்னால் உட்காருபவருக்கு அதுவே காதைப் பிளக்கும். ஆனால் சின்னப் பெட்டி மேல் அச்சிட்ட '50 வாட்' கணக்கில் மயங்க வேண்டாம். அதற்கு 4 ஓம் ஸ்பீக்கரும் (ஓம் என்பது ஸ்பீக்கரின் மின்தடை அளவு) 21 வோல்ட்டும் வேண்டும். 12 வோல்ட் அடாப்டரில், 8 ஓம் ஸ்பீக்கருக்குச் சுத்தமாக வருவது சுமார் 9 வாட்தான். பெட்டி தாங்கும் என்றால், பழைய லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டர் நல்ல மாற்று.

ஹெட்போன் துளையிலிருந்து இணைத்தபோது, மவுஸை அசைத்தாலே இரண்டிலும் 'கிர்ர்' என்றது. அப்புறம் ஒரு யுஎஸ்பி டாக் (கணினியின் டிஜிட்டல் ஒலியை வெளியே வைத்து அனலாக் சிக்னலாக மாற்றும் கருவி) வாங்கி இடையில் போட்டேன், அடங்கியது.

இப்போது மேசையில் சின்னதுதான். பழையது கூடத்துக்கு இறங்கிவிட்டது, ரெக்கார்ட் பிளேயர் வாங்கும் நாளுக்காக.