மேட் திரை என்று சொல்லி என் பழைய திரையையே எனக்கு விற்றார்கள்

இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் விசைப்படகுக்காரர்கள் சிலருக்குக் கணக்கு எழுதுகிறேன். ஏலம் முடிந்த கையோடு பெட்டியும் விலையும் ஏற்றியாக வேண்டும் என்பதால், மடிக்கணினியும் என்னோடு கடற்கரைக்கு வரும். மைத்துனர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது, ஃப்ரேம்வொர்க் நிறுவனத்துடையது. எந்தப் பாகத்தையும் நாமே கழற்றி மாற்றலாம். 2021-ல் வந்த முதல் வகை என்பதால் கிளாஸி, அதாவது பளபளப்பான திரை. மேட் திரை 2023-ல்தான் வந்தது. பழைய உடலிலும் பொருந்தும்.

வீட்டுக்குள் கிளாஸியைக் குறை சொல்ல முடியாது. கறுப்பு கறுப்பாகவே இருக்கும். கடற்கரைக் கொட்டகையில் அது முகம் பார்க்கும் கண்ணாடி: இறால் விலைக்கு மேல் என் மூக்கு, மூக்குக்குப் பின்னால் ஐஸ் வண்டி. மேட் திரையின் மேற்பரப்பில் நுண்ணிய சொரசொரப்பு உண்டு. விழும் ஒளியை அது சிதறடிப்பதால் உருவம் தெரியாது. கறுப்பு மட்டும் சற்றுச் சாம்பல் பூக்கும். எனக்கு அது போதும்.

ஏப்ரல் 15-ல் தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வேலை இல்லை. மதுரையில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். "மேட் பேனல் கையிலேயே இருக்கிறது அண்ணே, பழையதைக் கொடுத்தால் இரண்டாயிரம் கழித்துக்கொள்கிறோம், சாயங்காலம் வாருங்கள்" என்றார் பையன். ஒன்பதாயிரம் கொடுத்தேன். ரசீதில் 'டிஸ்ப்ளே சர்வீஸ்' என்று மட்டும் எழுதியிருந்தது. நானும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

கடல் திறந்தது. முதல் ஏலத்திலேயே வெள்ளைக் கட்டங்களில் ஏதோ பொடி தூவியதுபோல வண்ண மினுமினுப்பு. எழுத்தின் மேல் புள்ளி இருக்கிறதா இல்லையா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. மேட் என்றால் இப்படித்தான் போலும் என்று பத்து நாள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிறகு இடது கீழ் மூலையில் நகத்தளவு கொப்புளம்.

காந்தத்தில் ஒட்டியிருக்கும் விளிம்புச் சட்டத்தை நகத்தால் நெம்பி எடுத்தேன். திரையின் ஓரத்தில் ஒரு படிபோல விரலில் இடறியது. இழுத்தால், நுங்குத் தோல்போல ஒரு ஃபிலிம் உரிந்து வந்தது. அடியில் பளபளவென்று கிளாஸி. அதே மூலையில் கடுகளவு வெள்ளைத் தழும்பு. போன வருடம் மணல் துகள் இருப்பதைப் பார்க்காமல் மூடியதால் வந்தது. என் திரைதான்! அதற்கு இரண்டாயிரம் 'கழித்து' வேறு இருக்கிறார்கள்.

போனில் கேட்டால், "ஃபிலிம் ஒட்டினாலும் மேட்தானே அண்ணே" என்கிறார்கள்.

திரை மாற்றுவது சில திருகுகளும் ஒரு கேபிளும்தான்; திருப்புளிகூடப் பெட்டியிலேயே வந்திருந்தது. சோம்பலுக்குக் கொடுத்த விலை இது. கடையில்தான் செய்வீர்கள் என்றால் எதிரிலேயே கழற்றச் சொல்லுங்கள். பழைய பேனலின் முதுகில் உள்ள மாடல் எண்ணைப் படம் எடுத்து, புதியதோடு ஒப்பிடுங்கள். ரசீதில் 'மேட் பேனல்' என்ற சொல்லும் அந்த எண்ணும் இருக்கட்டும்.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துப் புகார் பதிந்திருக்கிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை மதுரையில் இருந்தாலும் நான் குடியிருக்கும் இராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. கையில் இருப்பது அந்த ரசீதும், உரித்த ஃபிலிமும், தழும்பின் படமும்.

அதுவரை தெர்மாகோல் மீன் பெட்டியை வெட்டி மடிக்கணினிக்குக் கூரை போட்டிருக்கிறேன். உள்ளே என்ன மீன் என்று இரண்டு வியாபாரிகள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.