பழைய எச்எம்டியா, நாமே பூட்டிய என்எச்35-ஆ?

ஆபீஸில் என் பக்கத்து சீட்டில் இருக்கும் தம்பி போன வாரம் கேட்டான். "அண்ணா, பத்தாயிரம் சேர்த்து வைச்சிருக்கேன். பழைய எச்எம்டி வாட்ச் ரெண்டு மூணு வாங்கி சரி பண்ணி வைச்சுக்கவா, இல்ல நீங்க பண்ண மாதிரி பார்ட்ஸ் வாங்கி நானே பூட்டவா?" சாப்பாட்டு நேரம் முழுக்க இதையே பேசியும் முடியவில்லை, மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். இரண்டையும் செய்து பார்த்தவன் நான். சென்னையில் இருந்துகொண்டு, தினமும் கையில் கட்டவேண்டும் என்று நினைப்பவருக்கு என் பதில் செய்கோ குழுமத்தின் என்எச்35 மெஷினை வைத்துப் பூட்டுவதுதான். எச்எம்டி மேல் எனக்குப் பிரியம் குறைவு என்பதால் இதைச் சொல்லவில்லை.

எது அழகு என்பதை அவரவர் கண்ணுக்கு விட்டுவிடலாம். காசு விஷயத்தையும் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். எச்எம்டியின் சாவி கொடுக்கும் மாடல்களில் ஒன்றான ஜனதா, ஓடுகிற நிலையில் நான் வாங்கியபோது 1,500 ரூபாய். பூட்டிய வாட்ச்சுக்கு மெஷின் (உள்ளே ஓடும் இயந்திரம்), கேஸ் (வெளிக்கூடு), டயல், முள், ஸ்ட்ராப், கருவிகள் எல்லாம் சேர்த்து 12,000 பக்கம் ஆனது, அதில் கருவிகளுக்குப் போனது மட்டும் 2,500. திரும்ப விற்பதென்றால் எச்எம்டிக்கு ஆள் கிடைக்கும், நாம் பூட்டியதற்குப் போட்ட காசில் பாதி வந்தாலே பெரிது.

எச்எம்டி பெங்களூரில் சிட்டிசன் கம்பெனியின் தொழில்நுட்பத்தோடு 1961-இல் வாட்ச் செய்ய ஆரம்பித்தது. தமிழ்நாடு அரசின் டிட்கோ நிறுவனமும் டாடாவும் சேர்ந்து 1984-இல் டைட்டனைத் தொடங்கி, நம்ம ஓசூரிலிருந்து குவார்ட்ஸ் வாட்ச்கள் வர ஆரம்பிக்கும் வரைக்கும் கல்யாணத்தில் மாப்பிள்ளை கையில் ஏறியது பெரும்பாலும் எச்எம்டிதான். என் அப்பாவின் ஜனதாவும் அப்படி வந்ததுதான். மவுண்ட் ரோடு வழியாக பஸ்ஸில் போகும்போது பி. ஆர் அண்ட் சன்ஸ் வாட்ச் கடையின் கடிகாரத்தைப் பார்த்துத் தன் வாட்ச்சில் நேரம் சரிபார்ப்பார். 2016 ஜனவரியில் எச்எம்டி வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அதற்கு முன்பே குறைந்துகொண்டிருந்த பார்ட்ஸ் வரத்து அதற்கப்புறம் இன்னும் சுருங்கிவிட்டது. எனக்கு முடிவைத் தீர்மானித்தது இந்த ஒரு விஷயம்தான்: உடைந்தால் எதைப் போட்டுச் சரிசெய்வது?

மூன்று வருடத்துக்கு முன் அப்பாவின் ஜனதா குளியலறை அலமாரியிலிருந்து டைல்ஸ் தரையில் விழுந்தது. ஆட்டினால் இரண்டு நொடி ஓடும், நின்றுவிடும். இங்குமங்கும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் வீலின் அச்சில் தலைமுடி கனத்துக்கு ஒரு முனை இருக்கும், அது ஒடிந்துபோயிருந்தது. டயலில் பாராஷாக் என்று போட்டிருக்கிறது, அதிர்ச்சி தாங்குவதற்கான அமைப்பு உள்ளே உண்டு, ஆனாலும் அந்த உயரம் தாங்கவில்லை. பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் கொடுத்தேன். இரண்டு வாரம் என்றார்கள், ஏழு வாரம் ஆனது. வீட்டுக்கு வந்து பின் மூடியைக் கழற்றி லென்ஸ் வைத்துப் பார்த்தால் இரண்டு ஸ்க்ரூவின் தலை சிதைந்திருக்கிறது. நொடி முள்ளும் அப்பாவுடையது இல்லை, ஒரு மில்லிமீட்டர் குட்டை, விளிம்பிலிருக்கும் கோடுகளைத் தொடாமல் பாதியில் சுற்றிக்கொண்டிருந்தது. போய்க் கேட்டேன். "பழைய வாட்ச் சார், கிடைச்சதைத்தான் போட முடியும்" என்றார். சிதைந்த ஸ்க்ரூவுக்கு அது பதில் இல்லை, ஆனால் பார்ட்ஸ் பற்றி அவர் சொன்னது உண்மைதான். அப்புறம் ஓடாத ஜனதா ஒன்றை 400 ரூபாய்க்கு வாங்கி, அதிலிருந்து நொடி முள்ளை எடுத்துப் போட்டேன். ஒரு எச்எம்டி ஓட வேண்டுமென்றால் இன்னொரு எச்எம்டியைப் பிரிக்க வேண்டியிருக்கிறது. இப்படிப் பிரிக்கக் கிடைப்பவை வருடா வருடம் குறையத்தானே செய்யும்?

இதற்கு மேல் சென்னை வியர்வை வேறு. ஜனதாவின் கேஸ் பித்தளை, மேலே குரோம் பூச்சு, பின் மூடி மட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ஏப்ரல் மே மாதங்களில் எலெக்ட்ரிக் ட்ரெயினில் ஒரு மணி நேரம் நின்றுகொண்டு போய் வருகிற கையில் இதைக் கட்டினால், ஸ்ட்ராப் மாட்டும் காதுகளின் உட்பக்கம் முதலில் பொரிப்பொரியாகப் பூச்சு விடும், பிறகு பச்சையாகக் களிம்பு பூக்கும். மறுபடி பூச்சு போட்டுத் தருகிறார்கள், ஆனால் பாலிஷ் போடும்போது கேஸின் கூர்மையான ஓரங்கள் மழுங்கிவிடும். தண்ணீர் என்ற பேச்சே கூடாது. மழையில் ஒருமுறை நனைந்தால் கண்ணாடிக்குள் ஆவி படிந்துவிடும்.

புதிதாக வாங்குபவர்களுக்கு இன்னொன்று. ஆன்லைனில் ஆரஞ்சு, கிளிப்பச்சை என்று பளபளக்கும் டயலோடு வருகிற "பழைய" எச்எம்டிகளில் நிறைய, பிற்காலத்தில் மறுபடி பெயிண்ட் அடித்து எழுத்து அச்சிட்டவை. லென்ஸில் எழுத்தின் ஓரம் கசிந்திருக்கும். கொஞ்சம் மங்கி, ஓரத்தில் கறை படிந்த டயலாக இருந்தாலும் அசலையே வாங்குங்கள்.

சரி, என்எச்35. இது செய்கோ குழுமம் மற்ற கம்பெனிகளுக்கு விற்கும் ஆட்டோமேட்டிக் மெஷின், கை அசைவிலேயே சாவி ஏறிக்கொள்ளும். 24 ஜுவல் (உராய்வைக் குறைக்கும் சின்னக் கற்கள்), மணிக்கு 21,600 துடிப்பு, முழுசாகச் சாவி ஏறியிருந்தால் 41 மணி நேரம் ஓடும், சாவியை இழுத்தால் நொடி முள் நிற்கும், கையாலும் சாவி கொடுக்கலாம். ஜனதா மணிக்கு 18,000 துடிப்பு, நொடிக்கு ஐந்து. இரண்டையும் அடுத்தடுத்துக் காதில் வைத்துக் கேட்டால் வித்தியாசம் தெரியும், ஜனதாவின் சத்தம்தான் எனக்கு இனிமை. என்எச்35-இன் பெரிய பலம், உலகம் முழுக்க ஏகப்பட்ட பேர் இதற்கென்றே கேஸ், டயல், முள் செய்கிறார்கள். 28.5 மில்லிமீட்டர் டயல் என்றால் யார் செய்ததானாலும் உட்காரும். 2020 நவம்பரில் அலிஎக்ஸ்பிரஸ் தடையானபோது எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன், ஆனால் இங்கேயே வரவழைத்து விற்பவர்களிடமிருந்தே என் பார்ட்ஸ் எல்லாம் கிடைத்தது.

வாங்கும்போது கவனிக்க இரண்டு விஷயம். தேதி ஜன்னல் இல்லாத டயல் வேண்டுமென்றால் இதே குடும்பத்தில் தேதி இல்லாத என்எச்38 வாங்குங்கள். என்எச்35-ஐப் போட்டால் சாவியை இழுக்கும்போது நடுவில் எதற்கும் பயனில்லாத ஒரு நிலை இருக்கும், நடு ராத்திரியில் கண்ணுக்குத் தெரியாத தேதி மாறிக்கொண்டிருக்கும். அடுத்தது, டயலின் பின்னால் மெஷினில் சொருகும் சின்னக் குச்சிகள், அதாவது கால்கள், நான்கு இருந்தால், இரண்டு 3 மணிக்கு நேரே சாவி வரும் கேஸுக்கு, இரண்டு 4 மணிப் பக்கம் சாவி வரும் கேஸுக்கு. தேவையில்லாத இரண்டை வெட்டிவிட வேண்டும். வெட்டுவதற்கு முன் மெஷின் மேல் வைத்து இரண்டு தடவை பாருங்கள்.

நான் பூட்டியது ஒரு மே மாதம். ஃபேன் போட்டால் தூசி, போடாவிட்டால் நெற்றி வியர்வை டயல் மேல் சொட்டும். காலை ஐந்து மணிக்கு உட்கார்ந்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு செய்தேன். மணி முள்ளை வைத்து மெதுவாக அழுத்தினால் "டிக்" என்று உட்காருவது விரலுக்குத் தெரியும். நிமிட முள்ளும் அப்படியே. நொடி முள்தான் உயிரை வாங்கும். அதன் துளை 0.2 மில்லிமீட்டர், கருப்பு டயலின் மேல் அது உட்கார வேண்டிய ஊசியைக் கண்டுபிடித்து நேராக வைக்க எனக்கு நாற்பது நிமிடம் ஆனது, கொஞ்சம் சாய்ந்தாலும் முள் வளையும். அப்புறம் ஸ்டெம். சாவியை மெஷினோடு சேர்க்கும் அந்தக் கம்பி நீளமாகத்தான் வரும், கேஸுக்கு ஏற்றபடி நாம் வெட்ட வேண்டும். ஒரேயடியாக வெட்டினால் குட்டையாகிப் போகும், வேறு ஸ்டெம் வாங்க வேண்டியதுதான். நான் அரை மில்லிமீட்டர் அரை மில்லிமீட்டராக வெட்டி, அரத்தால் தேய்த்து, போட்டுப் பார்த்து, மறுபடி கழற்றி, இப்படி ஆறு தடவை. ஏழாவது தடவை சாவி கேஸோடு இடைவெளி இல்லாமல் திருகி உட்கார்ந்தபோது பால் பாக்கெட் போடுகிறவர் வந்துவிட்டுப் போயிருந்தார்.

ஒன்றரை வருடம் கழித்து அந்த வாட்ச் திடீரென்று நாளைக்கு நாலு நிமிடம் வேகமாக ஓட ஆரம்பித்தது. பேலன்ஸ் வீலோடு இருக்கும் மெல்லிய சுருளான ஹேர் ஸ்பிரிங்கில் காந்தம் ஏறினால் இப்படித்தான் ஆகும், நான் ஸ்பீக்கர் மேலேயே கழற்றி வைக்கும் வழக்கம். காந்தம் எடுக்கும் சின்னப் பெட்டி சில நூறு ரூபாய்தான், பட்டனை அழுத்திக்கொண்டே வாட்ச்சை மெதுவாகத் தூக்கினேன், அவ்வளவுதான், பழையபடி பன்னிரண்டு நொடி அதிகமாக ஓடியது. இந்த மெஷினுக்குக் கம்பெனியே சொல்லும் அளவு நாளைக்கு 20 நொடி குறைவிலிருந்து 40 நொடி அதிகம் வரை. ஜனதாவும் நல்ல சர்வீஸுக்குப் பிறகு இதற்குள்தான் ஓடியது.

நாளை என்எச்35 கீழே விழுந்து அச்சு ஒடிந்தால்? நான் யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. புது மெஷின் நான் வாங்கியபோது 3,500 ரூபாய். முள்ளையும் டயலையும் கழற்றி மாற்றி வைத்து, அதே ஸ்டெம்மைச் சொருகினால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலை முடிந்தது. கேஸ் 316எல் வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்பதால் வியர்வை ஒன்றும் செய்யவில்லை. வருடம் ஒருமுறை பின் மூடி ரப்பரில் சிலிக்கோன் கிரீஸ் தடவுவது மட்டும்தான் பராமரிப்பு. ரிப்பேர் செய்யாமல் மெஷினையே தூக்கிப் போட்டு மாற்றுவது எனக்கும் மனசுக்கு ஒப்பவில்லை, ஆனால் முழு சர்வீஸுக்கு ஆகும் செலவு புது மெஷின் விலைக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. ஒன்று சொல்லிவிட வேண்டும், என் அனுபவம் மூன்று வருடம்தான், அதுவும் ஒரே வாட்ச்சில். அப்பாவின் ஜனதா நாற்பது வருடம் ஓடியது, இது அப்படி ஓடும் என்று நான் உறுதி கொடுக்க மாட்டேன்.

எச்எம்டி ஜெயிக்கும் இடங்களும் உண்டு. சட்டைக் கைக்குள் அடங்கும் மெலிசு, பூட்டிய வாட்ச்சில் எனக்குக் கிடைக்கவே இல்லை. பிளாஸ்டிக் கண்ணாடியில் விழும் கீறலைத் தேய்த்தே எடுத்துவிடலாம். அனுபவமுள்ள ரிப்பேர்காரர் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் போடுவார். காலையில் காபி ஆறும் வரைக்கும் சாவி கொடுக்கும் அந்த முப்பது திருப்பு, அதற்கு ஈடாக ஆட்டோமேட்டிக்கில் ஒன்றுமே இல்லை. அதனால்தான் அப்பாவுடையதை விசேஷங்களுக்கு மட்டும், ஏசி மண்டபம் என்று தெரிந்தால் கட்டுகிறேன்.

சிட்டிசன் குழுமத்தின் மியோட்டா 8215 மெஷின் போட்டுப் பூட்டலாமா என்றும் தம்பி கேட்டான். நல்ல மெஷின்தான், 42 மணி நேரம் ஓடும், ஆனால் டயலும் முள்ளும் தேர்ந்தெடுக்க இவ்வளவு வகை இல்லை. ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தேன், பெரிய கம்பெனிகளின் பெயர் அச்சடித்த டயல் மட்டும் வேண்டாம். என்னுடையதில் பெயரே இல்லை, பன்னிரண்டு கோடுகள் மட்டும்தான்.

கடைசியில் அவன் என்எச்38-க்கும் ஒரு வெள்ளை டயலுக்கும் ஆர்டர் போட்டிருக்கிறான். கருவிகள் என்னிடம் இருப்பதால் பத்தாயிரத்துக்குள் முடிந்துவிடும். பார்சல் வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன், ஸ்டெம்முக்கு மட்டும் கூடுதலாக ஒன்று வாங்கிக்கொண்டு.