'டாஞ்சூர்' என்று அடித்துப் பாருங்கள்

எங்கள் நூலகத்தின் இலவச வகுப்பு, இரண்டு மணி நேரம்: இணையத்தில் கலைப்படங்களைத் தேடுவது எப்படி? கூகுள் தெரியாதா நமக்கு என்ற மிதப்பில்தான் போனேன்.

"தஞ்சாவூர்னு போட்டு நிறுத்திடாதீங்க சார், வெள்ளைக்காரன் எழுதி வச்ச 'டாஞ்சூர்'னும் (Tanjore) போடுங்க" என்றார் நூலகர் அம்மா. லண்டன் வி அண்ட் ஏ (விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம்) தளத்தில் போட்டேன். கணவனும் மனைவியுமாகத் தொழிலாளிகள் நிற்கும் கம்பெனி ஓவியங்கள் (கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் வெள்ளைக்காரர்களுக்காக நம் ஓவியர்கள் வரைந்தவை)! அரைமணி நேரம் அங்கேயே கிடந்தேன்.

நியூயார்க் மெட் (மெட்ரோபாலிடன் கலை அருங்காட்சியகம்) தளத்தில் 'ஓப்பன் ஆக்சஸ்' வடிகட்டியைத் தட்டினால், அனுமதி கேட்காமலே பயன்படுத்தக்கூடிய படங்கள் மட்டும் வரும். 2017 முதல் இந்த வசதி. இதுநாள்வரை மங்கல் ஸ்கிரீன்ஷாட்டோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்.

குறை? ஆவணக்காப்பகத் தேடலுக்குக் கடைசிப் பத்தே நிமிடம். வைஃபையும் நொண்டியது. வகுப்புக்கு என் மதிப்பெண்: ஐந்துக்கு நான்கு.