பதினெட்டு கழுத்துப் பட்டைகள்: ஐரோப்பிய ஸ்டார்ட்அப் மாநாடுகளுக்குப் போய்வந்த கணக்கு

பெர்லின் வீட்டில் என் அலமாரிக் கதவுக்குப் பின்னால் ஒரு கொக்கி இருக்கிறது. அதில் பதினெட்டு கழுத்துப் பட்டைகள் தொங்குகின்றன. 2017 நவம்பரில் தொடங்கி இன்று வரை போய்வந்த மாநாடுகளின் மிச்சம் அவைதான். கதவைத் திறக்கும்போதெல்லாம் அட்டைகள் மோதிச் சத்தம் போடும். "இதுக்குச் செலவழிச்ச காசுல சமையலறையையே மாத்தியிருக்கலாம்" என்பாள் மனைவி. தப்பான கணக்கு என்று சொல்ல முடியவில்லை.

எங்கள் தொழில் சின்னது. ஆன்லைனில் பொருள் விற்கும் சிறு நிறுவனங்களின் கிடங்குக்கு மென்பொருள் செய்கிறோம். எந்த அடுக்கில் எந்தப் பெட்டி இருக்கிறது, எது தீரப்போகிறது, யார் எடுத்தது என்பதைக் காட்டும். நானும் கோவையில் இருக்கும் கூட்டாளியுமாக இரண்டு பேர் தொடங்கினோம், இப்போது ஒன்பது பேர். நான் சொல்லப்போவது இந்த அளவுள்ள நிறுவனத்துக்குத்தான் பொருந்தும்.

முதலில் போனது லிஸ்பன். வெப் சம்மிட் என்ற தொழில்நுட்ப மாநாடு டப்ளினில் தொடங்கி 2016இல் லிஸ்பனுக்கு இடம் மாறியது. ஒரியென்ட் ரயில் நிலையத்தில் இறங்கினால் ஆற்றங்கரையோரம் பெரிய வட்ட அரங்கமும் அதை ஒட்டிக் கண்காட்சிக் கூடங்களும். நான் போன 2017இல் தொடக்க இரவில் ஸ்டீபன் ஹாக்கிங் காணொளியில் தோன்றிச் செயற்கை நுண்ணறிவைப் பற்றி எச்சரித்தார். நான் மேல் படிக்கட்டில் எங்கோ உட்கார்ந்திருந்தேன். உடம்பு சிலிர்த்தது உண்மை. மறுநாள் காலையிலிருந்து சிலிர்ப்பு இல்லை, கால் வலிதான்.

மூன்று நாளில் நூற்றுச் சொச்சம் விசிட்டிங் கார்டு சேர்ந்தது. திரும்பும் விமானத்தில் அவற்றைச் சீட்டுக்கட்டு மாதிரி பிரித்து அடுக்கினேன். என்னைப் போலவே மென்பொருள் விற்பவர்கள் ஒரு கட்டு. எனக்கு ஏதாவது விற்க வந்தவர்கள் இன்னொரு கட்டு. மூன்றாவது, மெலிந்த கட்டில் முதலீட்டாளர்கள். கிடங்கு வைத்திருப்பவர் ஒருவர்கூட இல்லை. கல்யாண மண்டபம் நிறையத் தரகர்கள் உட்கார்ந்திருக்க, பெண் வீட்டாரும் இல்லை, பிள்ளை வீட்டாரும் இல்லை என்றால் எப்படி இருக்கும்? அப்படி. லிஸ்பனைக் குறை சொல்லவில்லை. சுமார் அறுபதாயிரம் பேர் வந்த திருவிழாவுக்கு என்ன வேண்டும் என்றே தெரியாமல் போனது நான்தான். மாலையில் தெருமுனையில் சுட்ட கஷ்கொட்டையைக் காகிதத்தில் மடித்துத் தருவார்கள். அந்தப் புகை வாசனை மட்டும் இன்னும் மூக்கில் நிற்கிறது.

இதைவிடப் பெரிய பாடம் வேறொரு ஊரில், வேறொரு மாநாட்டில் கிடைத்தது. பெயர் வேண்டாம். "உங்கள் நிறுவனத்தை எங்கள் குழு தேர்ந்தெடுத்திருக்கிறது" என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. தேர்ந்தெடுத்தவர்கள் கடைசி வரியில் விலையும் போட்டிருந்தார்கள். பெருமையில் அதைச் சரியாகப் படிக்காமல் கட்டிவிட்டேன். போய்ப் பார்த்தால், நிறுவனப் பெயர் அச்சடித்த ஒரு முழ அகலப் பலகையும் உயரமான ஒரு மேஜையும்தான் எங்கள் அரங்கு. அதுவும் ஒரே ஒரு நாளுக்கு. மேஜையில் மடிக்கணினியை வைத்தால் தண்ணீர் பாட்டிலைக் கையில்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். பக்கத்துப் பலகையில் ஒரு நாய் உணவு நிறுவனம். அவர்கள் மாதிரிப் பொட்டலம் கொடுத்ததால் கூட்டம் அங்கே அம்மியது. அன்று என்னிடம் வந்து பேசிய பதினான்கு பேரில் ஆறு பேர் கழிப்பறைக்கு வழி கேட்டவர்கள்.

ஹெல்சிங்கி வேறு மாதிரி. 2008இல் தொடங்கிய ஸ்லஷ் மாநாடு, நகரின் பாசிலா பகுதியில் உள்ள மெஸ்ஸுகெஸ்குஸ் கண்காட்சி வளாகத்தில் நவம்பரில் நடக்கிறது. மாலை மூன்றரைக்கே வெளியே இருட்டிவிடும். உள்ளேயும் வேண்டுமென்றே இருட்டாக்கி, லேசர் வெளிச்சத்தை ஓடவிட்டிருப்பார்கள். 2019இல் முதல் தடவை போனபோது மேடைக்கு மேடை ஓடிக்கொண்டிருந்தேன். அங்கே தன்னார்வலர்களில் பெரும்பாலோர் மாணவர்கள். வாசலில் என் பேட்ஜை ஸ்கேன் செய்த பையன் பெயரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"அண்ணா, நீங்க தமிழா?"

திருநெல்வேலிப் பக்கம், அங்கே முதுகலை படிக்கிறான். மதியம் அவனுடைய இடைவேளையில் சூப் குடித்துக்கொண்டே பேசினோம். "மேடைப் பேச்செல்லாம் அப்புறம் யூடியூப்ல வந்துரும்ணா. அங்க பாருங்க" என்று ஒரு மூலையைக் காட்டினான். எண் போட்ட சின்னச் சின்ன மேஜைகள், ஒவ்வொன்றிலும் இரண்டு இரண்டு பேர். மாநாட்டின் செயலி வழியாக முன்கூட்டியே நேரம் குறித்துக்கொண்டு வந்தவர்கள். "முதலீட்டாளருங்க நாள் முழுக்க அங்கதான் இருக்காங்க. ஹாலுக்குள்ள அவங்களைத் தேடிப் பிரயோஜனம் இல்ல."

அந்தச் செயலியை நான் திறந்தே பார்த்திருக்கவில்லை. 2022இல் மறுபடி போனபோது மூன்று வாரம் முன்பே உட்கார்ந்து நாற்பது பேருக்கு எழுதினேன். பதினொரு பேர் ஒப்புக்கொண்டார்கள். அதில் ஒருவர்தான் பின்னால் எங்களுக்குச் சிறிய முதலீடு போட்டவர். எழுதிய செய்தி இரண்டே வரி: என்ன செய்கிறோம், ஏன் குறிப்பாக உங்களைக் கேட்கிறேன். முதலில் நீளமாக எழுதிய எதற்கும் பதில் வரவில்லை.

அடுத்தது மியூனிக். பிட்ஸ் அண்ட் பிரெட்ஸல்ஸ் மாநாடு செப்டம்பர் கடைசியில் நடக்கிறது, கடைசி நாள் அக்டோபர்ஃபெஸ்ட் பீர்த் திருவிழாக் கூடாரத்தில் போய் முடியும். பாதிப் பேர் தோல் கால்சட்டையில் இருப்பார்கள். மேஜைக்கு ஒரு தலைவர், சுற்றிலும் நிறுவனர்கள், பெஞ்சில் நெருக்கியடித்துக்கொண்டு. நான் குடிப்பதில்லை, அதனால் ஆப்பிள் சாற்றில் சோடா கலந்த அப்ஃபெல்ஷோர்லெயை அதே ஒரு லிட்டர் குவளையில் வாங்கி வைத்துக்கொண்டேன். எழுந்து போக வழியில்லாததால் பேசித்தான் ஆக வேண்டும். அந்த ஏற்பாட்டின் சூட்சுமமே அதுதான் என்று நினைக்கிறேன்.

2023இல் என் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு ஐம்பது தாண்டியிருக்கும். தேயிலையைத் தபாலில் விற்கும் ஒரு நிறுவனத்தின் கிடங்குப் பொறுப்பாளர். கூடாரத்துக்குள் எல்லோரும் 'நீ'தான், முன்பின் தெரியாத பெரியவர்களிடம் ஜெர்மனியில் அது அபூர்வம்.

"யாருக்கு விற்கிறாய்?" என்றார்.

"உன்னைப் போன்றவர்களுக்கு."

"என்னைப் போன்றவன் இங்கே எதற்கு வருவான்? முதலாளியின் மகன் டிக்கெட் கொடுத்தான், வந்தேன். நாங்கள் எல்லோரும் மார்ச்சில் ஸ்டுட்கார்ட் போவோம்."

ஆறு வருடம் சுற்றியும் எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஸ்டுட்கார்ட் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலைக்கு மேலேயே கார் நிறுத்தும் கட்டடம் எழுப்பியிருக்கும் அந்தக் கண்காட்சி வளாகத்தில், லோகிமாட் என்ற சரக்குக் கிடங்குத் துறைக் கண்காட்சி நடக்கிறது. லேசரும் இல்லை, நட்சத்திரப் பேச்சாளரும் இல்லை. இரும்பு அடுக்குகள், ஃபோர்க்லிஃப்ட், ஓடும் பட்டைகள், அட்டைப்பெட்டி ஒட்டும் டேப். 2024 மார்ச்சில் வெறும் பார்வையாளராகத்தான் போனேன். முதல் நாளே ஒரு பெண்மணி என் டெமோவைக் கைபேசியில் பார்த்துவிட்டுக் கேட்டார்: "கையுறை போட்டுக்கொண்டு இந்தப் பொத்தானை அழுத்த முடியுமா?" முடியாது. பொத்தான் அவ்வளவு சின்னது. அன்றிரவே கூட்டாளிக்கு எழுதினேன். மறுநாள் மதியத்துக்குள் பெரிய பொத்தானோடு புதிய பதிப்பு வந்துவிட்டது. அதை எடுத்துப்போய் அவரிடமே காட்டினேன். அந்தக் கண்காட்சி வழியாக அந்த வருடம் நான்கு வாடிக்கையாளர்கள். 2025இல் லேபிள் அச்சுக்கருவி விற்கும் ஒரு சின்ன நிறுவனத்தோடு அரங்கைப் பங்குபோட்டுக்கொண்டோம்.

அப்படியானால் ஸ்டார்ட்அப் மாநாடு வீணா என்று கேட்டால், வாடிக்கையாளர் தேடிப் போனால் வீண் என்பேன். முதலீடு, ஆள் எடுப்பது, இதே தொழிலில் அடிபடுகிறவர்களோடு புலம்புவது ஆகியவற்றுக்கு இன்னும் போகலாம். கடைசியில் சொன்னதைக் குறைத்து மதிப்பிட வேண்டாம்.

மார்க்கெட்டிங் மாநாடுகளில் ஹாம்பர்க் ஓஎம்ஆருக்கு மட்டும் திரும்பத் திரும்பப் போகிறேன். மே மாதம், இரண்டு நாள், நல்ல கூட்டம். மேடையில் பாதி ஜெர்மன், நகைச்சுவை எனக்கு இரண்டு நொடி தாமதமாகத்தான் வந்து சேரும். சரி, அதற்காகப் போகவில்லை. மாஸ்டர்கிளாஸ் என்ற சிறு வகுப்புகள்தான் சரக்கு. தனியாகப் பதிவு செய்ய வேண்டும், சீக்கிரம் நிரம்பிவிடும். எங்கள் விலைப் பக்கத்தை மாற்றியமைத்தது அப்படி ஒரு வகுப்பில் கேட்டதை வைத்துத்தான். கொலோனில் நடக்கும் டிமெக்ஸ்கோ விளம்பரத் தொழில்நுட்பக்காரர்களுக்கானது, எனக்கு ஒரு தடவை போதும். இங்கிலாந்தில் நடக்கும் பிரைட்டன் எஸ்இஓ, தேடுபொறியில் முன்னால் வருவது பற்றிய நல்ல மாநாடு என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் நான் இந்தியக் கடவுச்சீட்டுக்காரன். ஷெங்கன் நாடுகளுக்குள் ஜெர்மன் குடியிருப்பு அட்டை போதும், பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் தனித்தனி விசா. இரண்டு நாள் மாநாட்டுக்காகக் கடவுச்சீட்டை வாரக்கணக்கில் விட்டுவிட்டு இருக்க மனம் வரவில்லை.

செலவில் டிக்கெட் சின்னப் பங்குதான். என் கணக்கில் அறை, பயணம், சாப்பாடு எல்லாம் சேர்ந்தால் டிக்கெட்டைப்போல இரண்டு மூன்று மடங்கு ஆகிறது. டிக்கெட்டில் மாநாடு நடக்கும் நாட்டின் வாட் வரியும் சேரும். பின்லாந்தில் 2024 செப்டம்பரிலிருந்து அது 25.5 சதவீதம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நிறுவனம் வைத்திருந்தால் அதைத் திரும்பக் கேட்கலாம். அடுத்த ஆண்டு செப்டம்பர் 30க்குள் சொந்த நாட்டு வரித்துறை இணையவாசல் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். இது தெரியாமல் முதல் இரண்டு வருடம் விட்டுவிட்டேன்.

இன்னொன்று, ஜெர்மனியில் தொழில் செய்பவர்களுக்கு. கார்டு கொடுத்தார் என்பதற்காக ஒருவரைச் செய்திமடல் பட்டியலில் சேர்த்துவிடக் கூடாது. விளம்பர மின்னஞ்சலுக்கு முன்கூட்டியே வெளிப்படையான சம்மதம் வேண்டும், நிறுவனத்துக்கு அனுப்பினாலும் அப்படித்தான். நண்பர் ஒருவர் மாநாடு முடிந்த வாரமே எல்லோருக்கும் ஒரே மடல் அனுப்பினார். பதிலுக்கு அப்மானுங் என்ற வக்கீல் நோட்டீஸ் வந்தது, கட்டணச் சீட்டோடு. நான் இப்போது பேசி முடித்த உடனே, அவர் எதிரிலேயே, "வியாழக்கிழமை டெமோ இணைப்பு அனுப்பட்டுமா?" என்று கேட்டு, பதிலைக் கார்டின் பின்பக்கம் எழுதிக்கொள்கிறேன். பளபளப்புத் தாள் கார்டில் பேனா பிடிக்காது, பென்சில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மார்ச்சுக்கு ஸ்டுட்கார்ட் அறை போட்டாயிற்று. ஹாம்பர்க் டிக்கெட்டும் எடுத்தாயிற்று. லிஸ்பன் இல்லை. ஹெல்சிங்கிக்கு வருடம் விட்டு வருடம் போதும் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்தத் திருநெல்வேலித் தம்பி படிப்பை முடித்து அங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டான். "வீட்ல சோபா இருக்குண்ணா, ஹோட்டலுக்கு எதுக்குக் காசு?" என்கிறான். அறைச் செலவு போனால் கணக்கு கொஞ்சம் மாறும். மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.