ஃபெனிடோயின் சாப்பிடும் வாய்க்குள் ஏழு மாதம்: பல்லிடைத் தூரிகை

வலிப்புக்காக ஃபெனிடோயின் சாப்பிடுகிறேன். தொடங்கிய மூன்றாம் மாதமே கீழ் முன்பற்களின் இடுக்கில் ஈறு சிறு மணிகளாகத் திரண்டது. வலியில்லாததால் விட்டுவிட்டேன், இரண்டு ஆண்டுகளில் பல்லின் பாதியை மூடிவிட்டது. ஈறு மருத்துவர் மிகையான சதையை வெட்டியெடுத்த பிறகு, புண் ஆறியதும் இந்தத் தூரிகையைப் பயன்படுத்தச் சொன்னார்.

தூரிகை எதற்கு என்று கேட்டேன். ஈற்றின் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் கொலாஜன் நாரை நெய்கின்றன. பழைய நாரை அரித்து விழுங்குவதும் அவற்றின் வேலைதான். இந்த மருந்து அச்செல்களுக்குள் கால்சியமும் சோடியமும் நுழைவதைக் குறைக்கிறது. கூடவே ஃபோலேட் என்ற பி வைட்டமினின் வரத்தும் குறைவதால், கொலாஜனை வெட்டும் நொதி போதிய அளவு விழித்தெழுவதில்லை என்று விளக்கினார். நெசவு நடக்கிறது, பிரிப்பு தேங்குகிறது! ரத்த அழுத்தத்துக்கான நிஃபெடிபினும், உறுப்பு மாற்றியவர்களுக்கான சைக்ளோஸ்போரினும் இதே வேலையைச் செய்யக்கூடியவை. பல் இடுக்கில் படியும் பாக்டீரியாப் படலம் அழற்சியைக் கிளப்பி, நார் நெய்யத் தூண்டும் சமிக்ஞைகளை இன்னும் கூட்டுகிறது. மாத்திரையை நானாக நிறுத்தக் கூடாது, வலிப்பு திரும்பிவிடும். படலத்தை எடுப்பது மட்டும் என் கையில் இருக்கிறது.

1938இல் புழக்கத்துக்கு வந்த மருந்து ஃபெனிடோயின். அடுத்த ஆண்டே ஈறு வளர்வது பதிவாகிவிட்டது. சாப்பிடுவோரில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு வருவதை, மருந்து எழுதித் தந்த அன்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

இனி தூரிகை. பெட்டியில் 0.4 முதல் 0.8 மில்லிமீட்டர் வரை பல அளவுகள். முன்பற்களுக்கு 0.4 சரியாகப் பொருந்துகிறது. கம்பிக்குப் பிளாஸ்டிக் பூச்சு உண்டு, ஈற்றைக் கீறுவதில்லை. முதல் வாரம் தினமும் ரத்தம் வந்தது, மூன்றாம் வாரத்தில் நின்றது. குறை, நேரான கைப்பிடி. கடைவாய்க்குள் கம்பியை வளைத்தே நுழைக்க வேண்டியிருக்கிறது. ஐந்தாறு நாளில் முறிந்துவிடுகிறது. எந்த இடுக்குக்கு எந்த அளவு என்று பெட்டியில் ஒரு வரிகூட இல்லை. அளவு தவறினால் ஈறு புண்ணாகும், ஆகவே மருத்துவரிடம் அளந்துகொண்டு வாங்குங்கள்.

ஐந்துக்கு நான்கு தருகிறேன். வெட்டிய இடம் ஏழு மாதமாக அப்படியே இருக்கிறது. மேல் கோரைப்பல்லின் ஓரத்தில் மட்டும் லேசாகத் தடித்திருக்கிறது. அடுத்த சுத்திகரிப்பின்போது அதை அளந்து பார்ப்பதாக மருத்துவர் சொல்லியிருக்கிறார்.