முங்கினியெமிக்கும் முங்ஸ்னேஸுக்கும் தனித்தனி டாக்சி வாடகையா?

பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கிக்கு வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

போன ஜூன் கடைசியில் நானும் அப்பாவும் முங்கினியெமியில் ஒரு வீட்டில் தங்கினோம். நகரத்தின் மேற்கே, கடலோரமாக உள்ள அமைதியான குடியிருப்புப் பகுதி. கட்டடக் கலைஞர் ஆல்வார் ஆல்ட்டோ 1936-இல் தனக்காகக் கட்டிய வீடு அங்கேதான் இருக்கிறது. சிவில் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்ற அப்பாவுக்கு அதைப் பார்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை.

விமான நிலையத்திலிருந்து ரயிலில் நகர மையத்துக்கு வந்தாகிவிட்டது. கையில் இரண்டு பெட்டி, அப்பாவுக்கு முழங்கால் வலி. நிலைய வாசலில் முதலில் நின்ற டாக்சியில் ஏறினோம். "முங்கினியெமி" என்றேன். தலையாட்டினார். பிறகு வீட்டுக்காரர் அனுப்பிய முகவரியைக் காட்டினேன். வீட்டுக்காரர் ஸ்வீடிஷ் பேசுபவர். "முங்ஸ்னேஸ், ஹெல்சிங்ஃபோர்ஸ்" என்று எழுதியிருந்தார். ஓட்டுநர் அதைப் பார்த்துவிட்டு, "இது வேறு இடம், தூரம் அதிகம்" என்றார். நம்பிவிட்டேன்.

கடல்மேல் பாலம், லவுட்டசாரி தீவு, நெடுஞ்சாலை, அப்புறம் பக்கத்து நகரமான எஸ்போவின் பெயர்ப் பலகை. அங்கிருந்து மறுபடி தீவுகள், பாலங்கள். இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருந்தது. அழகான வழி என்று அப்பா ரசித்துக்கொண்டே வந்தார். அதை நினைத்தால்தான் இன்னும் வயிறு எரிகிறது. இறங்கும்போது ஓட்டுநர் 78 யூரோ கேட்டார். கார்டில் கொடுத்தேன்.

மறுநாள் காலை லிண்டன் மரங்கள் வரிசையாக நிற்கும் தெருவில் நடந்தோம். முனையில் பெயர்ப் பலகை. மேல் வரியில் ஃபின்னிஷில் முங்கினியெமி, கீழ் வரியில் ஸ்வீடிஷில் முங்ஸ்னேஸ். அப்பாதான் முதலில் கவனித்தார். "ஏம்மா, இரண்டும் ஒரே இடம்தானே?"

ஆமாம், ஒரே இடம்தான். ஹெல்சிங்கி இருமொழி நகரம். ஊருக்கும் தெருவுக்கும் இரண்டு பெயர் உண்டு. ஹெல்சிங்ஃபோர்ஸ் என்பதும் ஹெல்சிங்கிதான். வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். நிலையத்திலிருந்து ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர்தான். எங்களை எஸ்போ வரை கொண்டுபோய், லெஹ்திசாரி, குசிசாரி தீவுகள் வழியாகச் சுற்றிக் கொண்டுவந்திருக்கிறார்.

பின்லாந்தில் 2018 ஜூலையிலிருந்து டாக்சிக்கு அரசு உச்சக் கட்டணம் வைப்பதில்லை. ஒரே வரிசையில் நிற்கும் வண்டிகளுக்குள்ளேயே விலை வேறுபடும். முதல் வண்டியில்தான் ஏற வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. கண்ணாடியில் ஒட்டியிருக்கும் விலைப் பட்டியலைப் பாருங்கள், மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். முகவரியை இரண்டு மொழியிலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ரசீது இல்லாமல் இறங்காதீர்கள். என்னிடம் ரசீது இருந்ததால்தான் அந்த நிறுவனத்துக்குப் புகார் எழுத முடிந்தது. பதில் இதுவரை வரவில்லை.

ஆல்ட்டோ வீட்டை வழிகாட்டியோடு மட்டுமே பார்க்க முடியும். வெள்ளை பூசிய செங்கல் சுவரும் கருநிற மரச் சட்டங்களும் சேரும் இடத்தில் அப்பா வெகுநேரம் நின்றார்.

ஊருக்குக் கிளம்பிய அன்று நான்காம் எண் ட்ராமில் நகர மையத்துக்குப் போனோம். படி உயரமே இல்லை. அப்பா யார் கையையும் பிடிக்காமல் ஏறினார்.