எண் இல்லாத நூலுண்டை: குரோஷே பழகிய அனுபவம்

இலங்கை மலையகத்தின் தலவாக்கலையில் இருக்கும் தோழி ஒருத்தி கேட்டிருக்கிறாள்: "அக்கா, நாற்பதைத் தாண்டிய கைக்கு குரோஷே வருமா? பெரிய ஊசிப் பெட்டி ஒன்று இணையத்தில் விலை குறைந்திருக்கிறது, வாங்கட்டுமா?" குரோஷே என்பது கொக்கி வைத்த ஒற்றை ஊசியால் நூலைப் பின்னும் கைவேலை. அவள் கேட்ட இரண்டுக்கும் இரண்டு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் இந்த வாரம் எனக்கு நூலின்மேல் கடுங்கோபம். அதையும் சேர்த்துச் சொன்னால்தான் என் பதில் நேர்மையாக இருக்கும்.

பெட்டி வேண்டாம். அத்தகைய பெட்டிகள் பலவற்றில் மெல்லிய உருக்கு ஊசிகளும் நிறைய இருக்கும். நம் அம்மாமார் ரேடியோப் பெட்டிக்கும் கண்ணாடி அலுமாரிக்கும் வெள்ளை நூலில் விரிப்புப் பின்னியது அவற்றால்தான். புதிதாகப் பழகுகிறவரின் கண்ணுக்கு அந்த வேலை ஆகாது. பிடியில் றப்பர் போட்ட 5 மில்லிமீற்றர் அலுமினிய ஊசி ஒன்று, கை பழகிய பிறகு 4 மில்லிமீற்றர் ஒன்று. நான் இன்றும் பெரும்பாலும் புழங்குவது இந்த இரண்டைத்தான். ஜனவரிப் பனியில் விடியற்காலை எடுத்தால் அலுமினியம் விரலைக் குத்தும் என்பதைத் தவிர அவற்றின்மேல் எனக்குக் குறையில்லை. மூங்கில் ஊசி குளிராது, ஆனால் மலிவானதில் கொக்கியின் ஓரம் சிலும்பி நூலைப் பிய்க்கும்.

நாற்பதைத் தாண்டிய கைக்கு வரும். ஊசியைப் பேனா போலப் பிடிப்பதா, கத்தி போலப் பிடிப்பதா என்று பலரும் குழம்புகிறார்கள். இரண்டும் சரிதான். உண்மையான பாடம் இடக்கைக்கு. நூலை எவ்வளவு விடுவது, எவ்வளவு பிடிப்பது என்பதை அதுதான் கற்க வேண்டும். முதலில் சங்கிலி போலப் போடும் தொடக்க வரிசை இறுகினால் அடுத்த வரிசையில் ஊசி நுழையாது. அதை மட்டும் ஓர் அளவு பெரிய ஊசியில் போட்டுவிட்டால் பாதித் தொல்லை தீரும். ஒவ்வொரு வரிசையின் முதல் கண்ணியிலும் (நூல் வளையத்திலும்) கடைசிக் கண்ணியிலும் ஊக்கு மாட்டி வையுங்கள். சதுரம் முக்கோணமாவது அந்த ஓரங்களில்தான். முதல் வேலைக்குக் கறுப்பு நூல் எடுக்காதீர்கள், கண்ணியே தெரியாது.

பின்னும் முறையைக் காட்டும் படக்குறிகளையும் தொடக்கத்திலேயே பழகிக்கொள்வது நல்லது. சங்கிலிக்கு நீள்வட்டம், ஒற்றைப் பின்னலுக்குப் பெருக்கல் குறி, உயரமான பின்னலுக்குக் கோடு வெட்டிய ஆங்கில 'T' எழுத்து. ஜப்பானியப் புத்தகங்கள் முழுவதும் இந்தக் குறிகள்தான். சிக்னல் கிடைக்காத தோட்டத்து டிவிஷனில் இருந்துகொண்டு காணொளியைத் தேடி அலைவதைவிட ஒரு தாளில் வரைந்த படம் மேல்.

என் அம்மா தேயிலைக் கொழுந்து பறித்து ஓய்ந்தவர். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருந்துவிட்டு ஊசியை வாங்கிப் பின்னினார். நூலை விடும் அளவு எனக்கு முன்பே அவர் விரலுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் வெடித்த விரல்நுனிகளில் அக்ரிலிக் என்ற செயற்கை இழை சிக்கிக்கொண்டே இருந்தது. இரவில் தேங்காய் எண்ணெய் தடவி, காலையில் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகே அவரால் நிம்மதியாகப் பின்ன முடிந்தது.

குரோஷேயில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு பின்னலும் முடிந்ததும் ஊசியில் மிஞ்சுவது ஒரு கண்ணி மட்டுமே. இரண்டு ஊசியில் பின்னும் ஸ்வெட்டர் வேலையில் வரிசை முழுவதும் ஊசியில் தொங்கிக்கொண்டிருக்கும். ஊசி நழுவினால் பல கண்ணிகள் ஒன்றாகக் கழன்றுவிடும். இங்கே அந்த ஒரு கண்ணியில் ஊக்கை மாட்டிவிட்டு எழுந்துவிடலாம். நான் தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளை மடுவத்தில் வேலை செய்கிறவள். பிள்ளைகள் தூங்கும் வேளையில் எடுப்பேன், ஒன்று அழுதால் வைப்பேன். ஹட்டன் பஸ்ஸில் எடுப்பேன், இறங்குமிடம் வந்தால் வைப்பேன். ஜூன் மாதக் காற்றில் மரம் விழுந்து மின்சாரம் போனாலும், இழை தடித்த நூலாக இருந்தால் இருட்டில் விரலால் தடவியே ஒரு வரிசை முடிக்கலாம். துண்டு துண்டாக மட்டுமே நேரம் கிடைக்கும் எங்களைப் போன்ற பெண்களுக்கு இதைவிடப் பொருத்தமான கைவேலை எனக்குத் தெரியவில்லை.

பிரித்தாலும் நட்டமில்லை. இழுத்தால் நூல் முழுதாகத் திரும்பி வந்துவிடும், மயிர் பரந்த பூநூலைத் தவிர.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குரோஷேயை இயந்திரம் பின்னுவதில்லை. அதைப் போலத் தோன்றும் துணியைத்தான் இயந்திரம் செய்கிறது. கடையில் அடிமாட்டு விலைக்கு உண்மையான குரோஷே மேற்சட்டை தொங்கினால், எங்கோ ஒருத்தி கையால் பின்னியது அது. கொழுந்தை நிறுத்து நாட்சம்பளத்துக்குப் பேர் போடும் தராசைப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்த விலைச்சீட்டைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு எவ்வளவு போயிருக்கும் என்றுதான் மனம் கணக்குப் போடுகிறது.

இப்போது என் கோபம். அம்மாவுக்குக் கத்தரிப்பூ நிறத்தில் சால்வை பின்னிக்கொண்டிருக்கிறேன். பாதியைத் தாண்டியதும் நூல் தீர்ந்தது. வாங்கிய கடைக்கே பழைய துண்டோடு போனேன். குழல் விளக்கின் கீழ் இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. வீட்டில் சன்னலோரம் பின்னிப் பார்த்தால், புதியது சற்றுச் சிவந்து நிற்கிறது. சால்வையின் குறுக்கே கோடு கிழித்தது போல நிறம் மாறுகிறது. எனக்கு இது புதிதல்ல. கட்டில் விரிப்பில், ஒவ்வொரு பெரிய வேலையிலும் இதே கதைதான்.

காரணம் எளியது. நூலைத் தொகுதி தொகுதியாகச் சாயத்தில் தோய்க்கிறார்கள். ஒரே நிறமானாலும் தொகுதிக்குத் தொகுதி சிறிது மாறும். அதனால்தான் முறையாகப் பொதி செய்த நூலுண்டையின் தாளில் நிற எண்ணோடு சாயத் தொகுதி எண்ணையும் அச்சிடுகிறார்கள். ஒரே தொகுதி எண் பார்த்து எடுத்தால் கவலையில்லை. எங்கள் பக்கத்துக் கடைகளில் நான் வாங்கும் உண்டைகளிலோ அந்தத் தாளே இல்லை. எடை இல்லை, நீளம் இல்லை, என்ன இழை என்பதும் இல்லை. கம்பளி நூல் என்று தருவது அக்ரிலிக். நம்பி சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தால் துவண்டு பளபளத்துப் போகும், பழைய நிலைக்குத் திரும்பாது.

கடைக்காரர்கள் பக்கமும் நியாயம் உண்டு. சில்லறையாக வாங்குகிறவர்கள் நாங்கள். ஒரு சின்ன உண்டை போதும் என்றுதான் கேட்கிறோம், அவர்களும் பிரித்துச் சுற்றித் தருகிறார்கள். அக்ரிலிக்கும் கெட்ட நூல் அல்ல. மழை விடாத ஜூலையில் பருத்தி நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும்போது அக்ரிலிக் உலர்ந்துவிடுகிறது. ஆனால் பெரிய பொதியைப் பிரிக்கும்போது அந்தத் தாளைக் குப்பையில் போடாமல் ஒரு டப்பாவில் சேர்த்துவைத்தால் என்ன? சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கும் நூல் இது.

உண்டை மாற்றும் இடத்தில் பழையதையும் புதியதையும் இரண்டிரண்டு வரிசையாக மாற்றி மாற்றிப் பின்னினால் கோடு மங்கும். அதற்குப் பழைய நூல் மிச்சம் இருக்க வேண்டும். என்னிடம் இல்லை. ஆகவே சால்வையைச் சில வரிசைகள் பிரித்துத்தான் அந்த நூலை எடுக்கப்போகிறேன். அம்மா, "எனக்கு இரண்டு நிறமும் பிடித்திருக்கிறது, விடு" என்கிறார். என்னால் விட முடியாது.

இத்தனை புகழ்ந்த பிறகும், இன்று கேட்டால் என் தோழிக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன். சால்வை, போர்வை என்ற எண்ணத்தோடு இப்போது தொடங்க வேண்டாம். ஓர் உண்டைக்குள் முடியும் தொப்பியானால் பின்னட்டும். ஊசிக்குக் காசு செலவழிக்க வேண்டாம், என்னுடைய 5 மில்லிமீற்றர் ஊசியை இரவல் தருகிறேன். நூல் வாங்கும்போது கடை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பார்த்து எடுக்கட்டும், தேவைக்கு மேல் ஓர் உண்டை சேர்த்தே எடுக்கட்டும்.